நாலு நூல் உயரம்

என் அக்காவை ஜீப்பக்கா என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே ஒரு நிமிடம் தலையைச் சொறிவார். முப்பத்தெட்டு வயது வரைக்கும் அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் நின்ற காலோடு அட்டைப்பெட்டி மடித்தாள். கம்பெனியை மூடியதும் கூட வேலை பார்த்த பெண்கள் எல்லாம் தையல் மெஷின் வாங்கினார்கள். இவள் மட்டும் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். நான் தையற்காரன். நல்லவேளை எனக்குப் போட்டியாக வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வேறு நல்ல வார்த்தை எதுவும் அன்று என் வாயிலிருந்து வரவில்லை.

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, வண்டி என்றாலே வயிற்றைப் பிரட்டும். அக்கா ஓட்டிப் பழகியபோது ஒரே ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு கிலோமீட்டருக்குள் மூன்று தடவை இறங்கி ஓரமாகப் போய்விட்டு வந்தார். அன்றைக்கே சமையலறையை அவர் எடுத்துக்கொண்டார், ஸ்டியரிங்கை இவள் எடுத்துக்கொண்டாள். பதின்மூன்று வருடமாக அந்த ஏற்பாட்டில் ஒரு சண்டையும் இல்லை.

அவள் ஓட்டுவது ஒரே தடம்தான். எங்கள் ஊரிலிருந்து மேலே இருக்கும் குடியிருப்புக்கு ஏழு கிலோமீட்டர். முதல் இரண்டு கிலோமீட்டர் தார்ச்சாலை. அதற்கு மேல் சாலை போட வந்தவர்களுக்கு என்ன கோபமோ, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மண்ணும் கல்லும்தான். நடுவில் ஓர் ஓடை, அதற்குப் பாலம் கிடையாது. வேறு எந்த வண்டியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. காலையில் டீச்சரை ஏற்றுவாள், பிறகு நர்ஸ் அம்மாவை, பிறகு மளிகைக்காரரையும் அவருடைய மூட்டைகளையும். சாயங்காலம் எல்லோரையும் இறக்கிக்கொண்டு வருவாள். அவளுக்கு ஒரு வீம்பு உண்டு. "என் வண்டியில ஏறினவங்க, போய்ச் சேர்ற வரைக்கும் இறங்க வேண்டியதில்ல" என்பாள். எவ்வளவு மோசமான இடத்திலும் யாரையும் இறங்கி நடக்கச் சொன்னதில்லை.

டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே பதினொரு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், அதற்கு இவர் ஒருவர்தான். வயது ஐம்பதைத் தாண்டியவர். ஒரு விபத்தில் வலது முட்டி மடங்காமல் போய்விட்டது. இடது கால்தான் எல்லா வேலையும் செய்யும். ஜீப்பில் ஏறும்போது இடது காலைத் தூக்கி உள்ளே வைத்து, மேல் கம்பியைப் பிடித்து எம்பி, வலது காலைப் பின்னாலேயே இழுத்துக்கொள்வார். யாரும் கை கொடுக்கக் கூடாது. தூக்கி ஏற்றுவது என்ற பேச்சே கூடாது. முன்பு ஒரு முக்காலி வைத்துப் பார்த்தார்கள். கல் தரையில் அது சரிந்து, டீச்சர் விழுந்து, மணிக்கட்டில் ஒரு மாதம் கட்டு. அதோடு முக்காலிக்கும் விடை கொடுத்தாயிற்று. ஜீப்பின் பக்கத்துப் படியோ எப்போதோ பாறையில் மாட்டிப் பிய்ந்துபோனது.

இந்த வருடம் மழை கொஞ்சம் அதிகமாகவே பெய்துவிட்டது. ஓடையில் இருந்த மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போனதில் அடியிலிருந்து ஒரு பாறை முதுகைக் காட்டியது. சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஏறிப் போய்விடும், ஜீப்பின் வயிறுதான் உரசும். கியர் பெட்டிக்குக் கீழே ஒரு தகடு இருக்கிறது, அது பாறையில் தேய்ந்து கிறீச்சென்று கத்தும். இரண்டு வாரம் கத்திக்கொண்டே போனது. மூன்றாவது வாரம் தகடு நசுங்கி, எண்ணெய்க் குழாய் விட்டுப்போய், வண்டி ஓடைக்கு நடுவில் நின்றது. இரண்டு நாள் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. உடனே கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த மாதம் இன்னும் ஒரு நாள் பள்ளி மூடிக் கிடந்தால் கீழே எங்கள் ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று. சேர்த்துவிட்டால் பதினொரு பிள்ளைகளும் அந்த ஓடையைத் தாண்டி நடந்து வர வேண்டும். வருவார்களா? பாதிப் பேர் வர மாட்டார்கள். அது கடிதம் எழுதியவருக்குத் தெரியாதோ என்னவோ, அக்காவுக்குத் தெரியும்.

பட்டறைக்காரருக்கு அரைமணி என்று பெயர். எந்த வேலையைக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் ஆகிவிடும் என்பார், மூன்று நாள் எடுப்பார். ஆனால் கை சுத்தமான வேலைக்காரர். ஜீப்பை ஏற்கெனவே ஒரு தடவை இரண்டு இஞ்ச் உயர்த்திக் கொடுத்தவர் அவர்தான். நசுங்கிய தகட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"இன்னொரு இஞ்ச் ஏத்திரலாம். ஸ்பிரிங் பட்டையோட முனையப் பிடிச்சிருக்கிற ஷேக்கில் இருக்குல்ல, அதை ரெண்டு இஞ்ச் நீளமா செஞ்சு மாட்டினா வண்டி ஒரு இஞ்ச் ஏறும். ஸ்டியரிங் லேசா அலையும், பழகிரும். பாறையப் பத்திக் கவலையே வேணாம்."

"பாறைக்குச் சரி. டீச்சருக்கு?" என்றாள் அக்கா.

அரைமணி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். ஜீப்பில் ஏறும் இடம் அப்போதே தரையிலிருந்து இருபத்தொன்றரை இஞ்ச். எவ்வளவு உயர்த்தலாம் என்பதை இனிப் பாறை மட்டும் முடிவு செய்ய முடியாது, டீச்சரின் இடது காலும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கேட்டுவிட்டுச் சொல்லியனுப்புகிறேன் என்று அக்கா வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

வந்தவள் நேராக என் கடைக்குள் நுழைந்தாள். "டீச்சர் கால் எவ்வளவு உயரம் தூக்கும்னு தெரியணும். நான் கேட்டா எவ்வளவு வேணா ஏறுவேன்னு சொல்லிருவாங்க. சொல்லிட்டு விழுந்து வைப்பாங்க. உன்கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்காங்கல்ல, அளவு பாக்கக் கூப்பிடு. கூப்பிட்டு எப்படியாவது கண்டுபிடி."

"ஜாக்கெட்டுக்குக் கால் எங்கக்கா வருது?"

"அது உன் சாமர்த்தியம்" என்று போய்விட்டாள். எங்கள் வீட்டில் இப்படித்தான். முடியாத வேலை எல்லாம் என் சாமர்த்தியம், முடிந்த வேலை எல்லாம் அவள் சாமர்த்தியம்.

டீச்சர் அன்று சாயங்காலமே வந்தார். தோள் அளந்தேன், கை அளந்தேன், முதுகு அளந்தேன். பிறகு, நீளம் சரியாக விழுகிறதா பார்க்க இந்தப் பெட்டி மேல் ஏறி நில்லுங்கள் என்று ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டேன். ஏறினார். அதன் மேல் இன்னொரு பலகையை வைத்தேன். அதிலும் ஏறினார். மூன்றாவது பலகையை எடுக்கும்போது என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தார். நான் அதை அவருடைய முட்டிப் பக்கம் கொண்டுபோயிருந்தேன்.

"டெய்லர், ஜாக்கெட் தைக்க முட்டி அளவு எதுக்கு?"

இப்போது புது மாடல் என்று என்னவோ உளறினேன்.

"உங்க அக்கா அனுப்பினாங்களா?" என்றார். நான் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் பெட்டியிலிருந்து இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. "இருபத்திரண்டு இஞ்ச். வீட்டுல சுவத்துல கோடு போட்டு, கரும்பலகை ஸ்கேலை வச்சு நானே அளந்துட்டேன். அதுக்கு மேல வராது, எத்தனையோ தடவை பாத்துட்டேன். உங்க அக்காகிட்ட நேரா கேக்கச் சொல்லுங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் அந்தப் பள்ளிக்கூடம் வேணும்."

இருபத்திரண்டு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, என் பொறுப்பு தீர்ந்தது என்று நான் கடையைப் பூட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் அக்கா போன் செய்தாள். சந்தையில் நிற்கிறாள் போலிருக்கிறது, ஒரே இரைச்சல். "அரைமணி போனை எடுக்கல. நீ பட்டறைக்குப் போய் நாலு நூல்னு சொல்லிரு. அவருக்குப் புரியும்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். அதை இப்போது சொன்னாலும் பட்டறைப் பக்கம் சிரிக்கிறார்கள். ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயராம். தச்சர், கொல்லர், மெக்கானிக் எல்லோருக்கும் அது தெரியுமாம். நாலு நூல் என்றால் அரை இஞ்ச். என் கடையில் அந்த எட்டில் ஒரு பங்குக்கு அரைக்கால் என்று பெயர். நூல் என்றால் எனக்கு நூல்தான். போன வாரம் என் வீட்டுக் குழாய் ஒழுகியபோது வந்த ஆள், குழாயின் திருகுமரைக்கு மேல் நூலைச் சுற்றித்தான் முறுக்கினார். ஜீப்பிலும் எண்ணெய்க் குழாய் விட்டிருக்கிறது. அதற்குச் சுற்றத்தான் கேட்கிறாள் என்று ஒரு விநாடியில் முடிவு கட்டிவிட்டேன். உயரத்தைப் பற்றி அவளே முதல் நாள் பேசியிருப்பாள் என்று நினைத்தேன். நல்ல முறுக்கான நூலாகப் பார்த்து நாலு கண்டு எடுத்தேன். பட்டறையில் அரைமணி இல்லை, சாப்பிடப் போயிருந்தார். அவருடைய மேஜை மேல் நாலையும் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா போன்.

"நாலு நூல்னு சொன்னியா இல்லையா?"

"சொல்றதென்ன, குடுத்துட்டே வந்தேன்."

"என்னத்தைக் குடுத்தே?"

"நூலைத்தான். ரெண்டு வெள்ளை, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு காக்கி. வண்டி கலருக்குப் பொருந்தட்டும்னு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அக்காவிடமிருந்து தகவல் வரும் என்று பார்த்த அரைமணி, வந்தது நாலு நூல்கண்டு மட்டும்தான் என்றதும், தான் முதலில் சொன்னபடியே முழு ஓர் இஞ்ச் உயர்த்திவிட்டார். ராத்திரி வண்டியை அவர் ஆள் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இப்போது ஏறும் இடம் இருபத்திரண்டரை. பழைய ஷேக்கிலை மாட்டிப் புதிதாக அளவெடுத்துச் செய்ய ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள்தான் நம்மிடம் இல்லை.

"டீச்சர் வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னாள்.

நான் போனபோது ஜீப் டீச்சர் வீட்டுச் சந்தில் நின்றது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அரை இஞ்ச் என்பது என் தொழிலில் சும்மா மடித்து உள்ளே தைத்துவிடுகிற துணி. டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடது காலைத் தூக்கினார். செருப்பின் முனை விளிம்பில் தட்டிக் கீழே வந்தது. இரண்டாவது தடவை தூக்கினார். மறுபடி தட்டியது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார், நெற்றியில் வேர்த்துவிட்டது, அப்போதும் விளிம்புக்கு ஏறவில்லை. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கோ பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"மன்னிச்சிருங்க டீச்சர், எல்லாம் என்னாலதான்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்பக்கமாக ஏறி, டீச்சர் ஏறும் பக்கத்து ஓரத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தேன். ஸ்பிரிங் பட்டை முனகியது. வண்டி என் பக்கம் சாய்ந்தது.

டீச்சர் விளிம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டெய்லர், நீங்க எத்தனை கிலோ?"

இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்று இருந்தது. "தொண்ணூத்தாறு" என்றேன்.

"எழுந்திரிக்காதீங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. இன்னும் கொஞ்சம்."

நான் நகர்ந்தேன். விளிம்பு இன்னும் கொஞ்சம் இறங்கியது. டீச்சர் இடது காலைத் தூக்கினார். செருப்பு முனை விளிம்பைத் தாண்டி உள்ளே பதிந்தது. கம்பியைப் பிடித்து எம்பி, வலது காலை இழுத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார், எப்போதும் செய்வதுபோல.

அக்கா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "பதிமூணு வருஷமா டீச்சரைக் காலி வண்டியில ஏத்திட்டு, பாறையில நிறைஞ்ச வண்டியக் கொண்டுபோய் உரசியிருக்கேன். முட்டாள், முட்டாள்." காலியாக நின்றால் வண்டி உயரம், ஆள் ஏறினால் தாழ்வு. டீச்சருக்குத் தாழ்வு வேண்டும், பாறைக்கு உயரம் வேண்டும். நாங்கள் அளந்ததெல்லாம் பட்டறையில் காலியாக நின்ற வண்டியை. ஓடுகிற வண்டி எப்போது காலியாக இருந்தது? எட்டாகப் பிரித்து அளக்கத் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நூல் தெரியாதவன்தான் உட்கார்ந்து காட்ட வேண்டியிருந்தது. இதை நான் அப்போதே சொன்னேன், அக்கா கண்டுகொள்ளவில்லை.

"நான் இறங்கட்டுமா?"

"சாயங்காலம் அவங்க ஏறணும்ல, அப்ப யாரு உக்காருவா? கடைக்கு லீவு விட்டுட்டு வா" என்று வண்டியை எடுத்தாள்.

நர்ஸ் அம்மாவும் மளிகைக்காரரும் மூட்டைகளும் ஏறினதும் வண்டி இன்னும் அமுங்கியது. நாளையிலிருந்து இவர்களை முதலில் ஏற்றிவிட்டு, கடைசியாக டீச்சர் வீட்டுக்குப் போவது என்று வழியிலேயே முடிவாகிவிட்டது. அந்தப் பாதையில் நான் போனதே இல்லை. ஸ்டியரிங் அலையத்தான் செய்தது. அக்கா அதைத் தலையை ஆட்டும் பிள்ளையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்து ஓட்டினாள். இத்தனை வருடம் இந்த வேலையைக் கேலி செய்திருக்கிறேனே என்று ஒரு வளைவில் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஓடை வந்தது. அக்கா வண்டியை நிறுத்தினாள். பாறையைப் பார்த்தாள், கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். அவளுடைய வீம்பு எனக்குத் தெரியும். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"டீச்சரைத் தவிர எல்லாரும் கொஞ்சம் இறங்கிக்கங்க. மூட்டையையும் இறக்கிருங்க. தப்பா நினைக்காதீங்க."

"இதுல என்னம்மா தப்பு" என்று நர்ஸ் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். மளிகைக்காரர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் இறங்கியதும் வண்டி பெருமூச்சு விட்டு எழுந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். குனிந்து அடியைப் பார்க்கும் வேலை எனக்கு. முழங்கால் வரை தண்ணீரில், தொண்ணூற்றாறு கிலோவையும் வளைத்துக்கொண்டு நின்றேன். சக்கரங்கள் பாறையின் இரண்டு பக்கமும் ஏறின. தகடு பாறை முதுகுக்கு நேராக வந்தது. தகட்டுக்கும் பாறைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு சுண்டு விரல் போகும் அளவுக்கு.

"போ, போ, போ" என்றேன். அக்கா போனாள். தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

"அக்கா, நாலு நூல் ஏத்தியிருந்தா இன்னைக்கும் உரசியிருக்கும். எட்டு ஏத்துனதாலதான் வந்துச்சு" என்றேன் கரையேறியதும்.

"பேசாம ஏறு" என்றாள். ஆனால் கண்ணாடியில் பார்த்தேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் ஒரே அறை. வாசலில் பிள்ளைகள் யாரையும் காணோம். டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. வழக்கமாக எல்லோரும் வெளியே ஓடி வந்து நிற்பார்களாம். இறங்கி வேகமாக நடந்தவர் கதவருகில் போய் நின்றார், உள்ளே போகவில்லை. நாங்களும் பின்னால் போய் நின்றோம்.

உள்ளே பதினொரு பேரும் இருந்தார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஸ்கேலோடு, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் கூடவே கத்தினார்கள். "ஏழு எட்டு ஐம்பத்தெட்டு" என்றாள் அவள். மற்றவர்களும் ஐம்பத்தெட்டு என்றார்கள்.

"ஐம்பத்தாறு" என்றார் டீச்சர் கதவிலிருந்து.

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "வந்துட்டீங்களா டீச்சர்? ஓடைப் பக்கம் கிறீச்சுன்னு சத்தமே கேக்கல. வர மாட்டீங்கன்னு நினைச்சு நாங்களே திறந்துட்டோம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் உள்ளே போய், ஸ்கேலை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்தார்.

"இனிமே சத்தம் கேக்காது" என்றார். "மணியப் பாருங்க. எட்டரை ஆனா நான் வந்துருவேன்."